இத்தாலிய வினைகளில் அழுத்தம் எந்த அசையில்? அசையை எங்கே வெட்டுவது?

குறிலிணை கேட்டது:

பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: இத்தாலியனில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில். 'பேசுகிறோம்' என்பதற்கான பர்ல்யாமொ, 'பேசுகிறீர்கள்' என்பதற்கான பர்லாதெ வரை இது பொருந்துகிறது. 'பேசுகிறார்கள்' என்று வந்தால் பர்லானொ இல்லை, முதல் அசையை அழுத்தி பர்லனொ. 'வசிக்கிறார்கள்' என்பதில் அழுத்தம் இன்னும் பின்னால் (சொல்லின் தொடக்கத்தை நோக்கி) போய், கடைசியிலிருந்து நான்காவது அசையில் நிற்கிறது. எழுத்தில் இதற்கு ஒரு குறியும் கிடையாது.

வினைவடிவத்தைப் பார்த்தே அழுத்தத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அசையை எங்கே வெட்டுவது, குறிப்பாக ஸ் சேர்ந்த கூட்டெழுத்துகளிலும் இரண்டு உயிர் அடுத்தடுத்து வரும் இடத்திலும்? -எரெ என்று முடியும் வினைகள் சிலவற்றில் மட்டும் அந்த எ-யில் அழுத்தம் விழுகிறதே, அது எதனால்?

---

ஒற்றெழுத்து:

முதலில் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குழம்பும். அழுத்தம் உள்ள அசைக்கு முன்னால் ˈ போடுகிறேன். அழுத்தம் பெற்ற அசை உயிரில் முடிந்து, சொல்லின் கடைசி அசையாகவும் இல்லாவிட்டால், இத்தாலியனில் அந்த உயிர் நீளும். அங்கே மட்டும் நெடில், மற்ற எல்லா இடத்திலும் குறில். எ-ஏ, ஒ-ஓ இரண்டும் நம் எழுத்தில் இருப்பது இதற்கு ரொம்ப வசதி. க, த, ப ஆகியவற்றின் இருவகை ஒலிப்பையும் இங்கே பிரித்துக் காட்ட முடியாது, அதை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள். மெய் இரட்டித்திருந்தால் இத்தாலியனிலும் இரட்டை, இல்லையென்றால் ஒற்றை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கடைசியிலிருந்து அசை எண்ணும் பழக்கத்தை வினைகளில் விட்டுவிடுங்கள். அழுத்தம் பகுதியில் இருக்கிறதா, விகுதியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிகழ்காலத்தில் தன்மைப் பன்மை, முன்னிலைப் பன்மை இரண்டில்தான் அது விகுதிக்குப் போகும். மற்ற நான்கு வடிவங்களிலும் பகுதியை விட்டு நகராது.

பேசு: ˈபர்-லொ, ˈபர்-லி, ˈபர்-ல, பர்-ˈல்யா-மொ, பர்-ˈலா-தெ, ˈபர்-ல-னொ.

வசி: ˈஆ-பி-தொ, ˈஆ-பி-தி, ˈஆ-பி-த, அ-பி-ˈத்யா-மொ, அ-பி-ˈதா-தெ, ˈஆ-பி-த-னொ.

படர்க்கைப் பன்மையில் -னொ என்பது வெறும் ஒட்டு. அது சொல்லை ஓர் அசை நீட்டுகிறதே தவிர அழுத்தத்தைத் தொடுவதில்லை. ஆகவே 'நான்' வடிவத்தில் அழுத்தம் எங்கேயோ, 'அவர்கள்' வடிவத்திலும் அங்கேயே. தொலைபேசியில் அழைக்கிறேன் தெ-ˈலே-ஃபொ-னொ, அழைக்கிறார்கள் தெ-ˈலே-ஃபொ-ன-னொ. கடைசியிலிருந்து எண்ணினால் நான்காவது. ஆனால் எண்ணத் தேவையே இல்லை.

இதிலிருந்து கையோடு வைத்துக்கொள்ள ஒரு சோதனை: படர்க்கைப் பன்மை ஒற்றை ன-வில் முடிந்தால் (-னொ) அதற்கு முந்தைய அசையில் அழுத்தம் இல்லை, இன்னும் பின்னால் தேடுங்கள். இரட்டை ன-வில் முடிந்தால் (-ன்னொ) அழுத்தம் சரியாக அதற்கு முன்னால். ˈஅன்-னொ (வைத்திருக்கிறார்கள்), ˈஃபன்-னொ (செய்கிறார்கள்), ˈவன்-னொ (போகிறார்கள்), ˈஸன்-னொ (அறிவார்கள்), எதிர்காலத்தில் பர்-லெ-ˈரன்-னொ (பேசுவார்கள்). ஒற்றை ன-வுக்கு ஒரே விலக்கு 'இருக்கிறார்கள்' என்னும் ˈஸோ-னொ. அதில் இருப்பதே இரண்டு அசைதான், வேறெங்கே போகும்?

மற்ற காலங்களில் பெரும்பாலும் விகுதியே அழுத்தத்தைத் தீர்மானிப்பதால் கஷ்டம் குறைவு. தொடர் இறந்தகாலமான இம்பெர்ஃபெத்தொவில் பர்-ˈலா-வொ, பர்-ˈலா-வி, பர்-ˈலா-வ, பர்-ல-ˈவா-மொ, பர்-ல-ˈவா-தெ, பர்-ˈலா-வ-னொ. முடிந்துபோன இறந்தகாலமான பஸ்ஸாதொ ரெமோதொவின் படர்க்கைப் பன்மை பர்-ˈலா-ரொ-னொ. நிபந்தனை வடிவமான கொந்தித்ஸியொனாலெயில் பர்-லெ-ˈரெப்-பெ-ரொ. ஐயம், விருப்பம் போன்றவற்றைச் சொல்லும் கொஞ்ஜுந்தீவொவின் இம்பெர்ஃபெத்தொவில் பர்-ˈலஸ்-ஸி-மொ, பர்-ˈலஸ்-ஸெ-ரொ. இந்தக் கடைசி இரண்டைக் கவனியுங்கள். 'நாங்கள்' வடிவம் என்றாலே -மொவுக்கு முன்னால் அழுத்தம் என்று பழகிய வாய் பர்-லஸ்-ˈஸீ-மொ என்று போய்விடும். அது தவறு.

---

சீர்பிரிப்பு:

அசை பிரிப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். யாப்பில் படித்த நேரசை, நிரையசையை இங்கே கொண்டுவரக் கூடாது. நமக்கு இரண்டு குறில் இணைந்தால் ஒரே நிரையசை, அதனால் 'அபி' என்பது ஓர் அசை. இத்தாலியனில் அது இரண்டு.

இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் என்றால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: ˈஆ-மொ (நேசிக்கிறேன்). இரட்டித்த மெய் பாதியாகப் பிளக்கும்: ˈமெத்-தொ (வைக்கிறேன்). ல், ம், ன், ர் முன்னால் நின்று வேறு மெய் தொடர்ந்தால் அங்கேயும் வெட்டு: ˈகந்-தொ (பாடுகிறேன்), ˈபர்-லொ. ஆனால் வல்லின மெய்யோ ஃப், வ் போன்றவையோ வந்து அடுத்து ர் அல்லது ல் இருந்தால் கூட்டைப் பிரிக்கக் கூடாது: ˈஆ-ப்ரொ (திறக்கிறேன்). மூன்று மெய் சேர்ந்தால் முதல் மெய் மட்டும் முன் அசைக்கு: ˈஎந்-த்ரொ (நுழைகிறேன்), ˈகொம்-ப்ரொ (வாங்குகிறேன்).

தகராறு எல்லாம் ஸ்-இல்தான். எழுத்து விதிப்படி ஸ்-ஐயும் அதைத் தொடரும் மெய்யையும் பிரிக்கக் கூடாது. எத்தனை மெய் வந்தாலும் ஸ் அடுத்த அசையின் தலையில்தான் உட்காரும்: அ-ˈஸ்பெத்-தொ (காத்திருக்கிறேன்), ரி-ˈஸ்பொந்-தொ (பதில் சொல்கிறேன்), ˈமொ-ஸ்த்ரொ (காட்டுகிறேன்), ஃபி-ˈனி-ஸ்கொ (முடிக்கிறேன்). நம் காதுக்கு ஃபி-னிஸ்-கொ என்றுதான் கேட்கும். காது சொல்வதில் நியாயம் இருக்கிறது. உச்சரிப்பில் ஸ் முந்தைய அசையை அடைக்கத்தான் செய்கிறது. அதனால்தான் ˈனி குறிலாகவே நிற்கிறது, நீள்வதில்லை. வரி முடிவில் சொல்லை உடைக்கும்போதும் தேர்விலும் எழுத்து விதி, வாய் திறக்கும்போது காது சொல்வது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதே கதை இன்னும் மூன்று ஒலிகளுக்கு உண்டு: ஞ, ஷ, ல்ய. கனவு காண்கிறேன் ˈஸொ-ஞொ, விடுகிறேன் ˈல-ஷொ, விரும்புகிறேன் ˈவொ-ல்யொ. எழுத்தில் இந்தக் கூட்டுகளைப் பிரிக்க மாட்டார்கள். பேச்சில் உயிர்களுக்கு இடையே இவை இரட்டித்தே ஒலிக்கும், ஆகவே முன் உயிர் குறில்.

வரி முடிவில் உடைப்பதற்கு இன்னொரு வழக்கம்: இரண்டு உயிர்கள் தனித்தனி அசையாகவே இருந்தாலும் அவற்றுக்கு நடுவே வரியை உடைப்பதைத் தவிர்ப்பார்கள். ஒற்றை உயிரைத் தனியாக வரிக் கடைசியில் தொங்கவிடுவதும் அப்படித்தான். அசை எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

---

முதனிலை:

ஒற்றெழுத்து சொன்ன விதிக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. பகுதியில் அழுத்தம், சரி. பகுதியில் இரண்டு மூன்று அசை இருந்தால் எதில்? ˈஆ-பி-தொ என்கிறோம், ஆனால் 'அழைக்கிறேன்' இன்-ˈவீ-தொ. இரண்டும் -இதாரெ என்றே முடிகின்றன. முழுமையான விதி கிடையாது. ஆனால் மூன்று சல்லடை போட்டால் பெரும்பாலானவை பிடிபடும்.

ஒன்று, 'நான்' வடிவத்தின் கடைசிக்கு முந்தைய அசை மெய்யில் முடிந்தால் அழுத்தம் அங்கேயே: ரக்-ˈகொந்-தொ (விவரிக்கிறேன்), ரி-ˈகொர்-தொ (நினைவில் வைத்திருக்கிறேன்), ஒர்-க-ˈனித்-ஸொ (ஏற்பாடு செய்கிறேன்). 'மெய்யில் முடிவது' என்பதைச் சீர்பிரிப்பு கொடுத்த விதிப்படி சரியாகப் பார்க்க வேண்டும். 'கொண்டாடுகிறேன்' என்பது ˈசே-லெ-ப்ரொ. அங்கே ப்ர் பிரியாது, ஆகவே லெ திறந்த அசை. அழுத்தம் தாராளமாகப் பின்னால் போகலாம், போகிறது.

இரண்டு, அதே வேரிலிருந்து வரும் பெயர்ச்சொல் தெரியுமா என்று பாருங்கள். தொலைபேசி தெ-ˈலே-ஃபொ-னொ, வினையும் அப்படியே. சமையலறை கு-ˈசீ-ன, சமைக்கிறேன் கு-ˈசீ-னொ. வருகை ˈவீ-ஸி-த, போய்ப் பார்க்கிறேன் ˈவீ-ஸி-தொ. கணக்கு ˈகல்-கொ-லொ, கணக்கிடுகிறேனும் ˈகல்-கொ-லொ. அழைப்பு இன்-ˈவீ-தொ, வினையும் இன்-ˈவீ-தொ. பெயர் -யொ என்று முடிந்தால் மட்டும் நம்பாதீர்கள்: ஆசை தெ-ஸி-ˈதே-ர்யொ, ஆசைப்படுகிறேன் தெ-ˈஸீ-தெ-ரொ.

மூன்று, வினையின் வால். -இகாரெ என்று முடிந்தால் பெரும்பாலும் அந்த இ-க்கு முந்தைய அசையில்: தி-ˈமெந்-தி-கொ (மறக்கிறேன்), கொ-ˈமூ-னி-கொ (தெரிவிக்கிறேன்), ˈஇந்-தி-கொ (சுட்டுகிறேன்). களைப்படையச் செய்வதற்கான வினை அஃப்-ஃப-ˈதீ-கொ என்று விலகும், ஏனென்றால் உழைப்பு என்ற பெயர் ஃப-ˈதீ-க. அதாவது இரண்டாவது சல்லடை மூன்றாவதை வெல்கிறது.

ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்கக் கூடாத இடங்களும் உண்டு. வேலை செய்கிறேன் ல-ˈவோ-ரொ, ஆனால் ஒத்துழைக்கிறேன் கொல்-ˈலா-பொ-ரொ. மொழிபெயர்க்கிறேன் த்ர-ˈதூ-கொ, ஆனால் கல்வி புகட்டுகிறேன் ˈஏ-து-கொ. சந்தேகம் வந்தால் அகராதியில் வினையின் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் பாருங்கள். நல்ல இத்தாலிய அகராதிகள் -ஆரெ வினைகளுக்கு 'நான்' வடிவத்தையும் அழுத்தக் குறியோடு கொடுத்திருக்கும். அந்த ஒன்றைக் குறித்துக்கொண்டால் மற்ற ஐந்தும் கையில். அகராதியில் போடும் அந்தக் குறி படிப்பவருக்கான உதவி, எழுதும்போது போடக் கூடாது.

---

குறிலிணை:

முதனிலை, 'மெய்யில் முடியும் அசை' விதிக்கு ஒரு முரண் தெரிகிறது. 'அதை எடுக்க' என்பது ˈப்ரெந்-தெர்-லொ. தெர் மூடிய அசைதானே? அழுத்தம் அங்கே வரவில்லையே.

-எரெ கேள்வியும் அப்படியே நிற்கிறது. கூடவே ஒன்று: 'அனுப்புகிறாய்' என்பதில் கடைசியில் இரண்டு இ, 'படிக்கிறாய்' என்பதில் ஒரே இ. இரண்டு வினையும் -யாரெ என்றுதானே முடிகின்றன?

---

முதனிலை:

முரண் இல்லை. அந்த -லொ வினையின் உறுப்பு அல்ல, பின்னால் ஒட்டிய பிரதிப்பெயர். ஒட்டிகள் எதுவும் அழுத்தத்தை நகர்த்தாது. வினையின் அழுத்தத்தை முதலில் வைத்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள். ˈப்ரெந்-தெ-ரெ என்பதில் கடைசி எ கழன்று -லொ சேர்ந்ததால் தெர் மூடியது, அவ்வளவுதான். 'அவனிடம் பேச' பர்-ˈலர்-ல்யி, 'எனக்கு ஃபோன் செய்' தெ-ˈலே-ஃபொ-ன-மி, 'அதை எனக்குச் சொல்' ˈதிம்-மெ-லொ. 'அதை எனக்குத் தயாரித்துக் கொடு' ˈஃபப்-ப்ரி-க-மெ-லொ. இதில் அழுத்தத்துக்குப் பின்னால் நான்கு அசை வால் பிடிக்கிறது. நடுவில் மூச்சு வாங்கி இன்னொரு அழுத்தம் கொடுத்தால் இரண்டு சொல்லாகக் கேட்கும்.

---

ஒற்றெழுத்து:

-எரெ: காரணம் லத்தீன். லத்தீனில் நெடில் ஏ உள்ள வினை வகுப்பு ஒன்று, குறில் எ உள்ளது ஒன்று. நெடிலில் அழுத்தம் நின்றது, குறிலானால் பின்னால் ஓடியது. இத்தாலியனில் இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டன, அழுத்தம் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. சில வினைகள் கட்சியும் மாறியிருக்கின்றன. 'அறி', 'விழு' இரண்டும் லத்தீனில் குறில் வகுப்பு, இன்று ஸ-ˈபே-ரெ, க-ˈதே-ரெ. 'சிரி', 'பதில் சொல்' நெடில் வகுப்பு, இன்று ˈரீ-தெ-ரெ, ரி-ˈஸ்பொந்-தெ-ரெ. ஆகவே லத்தீன் தெரிந்தாலும் முழுக்க உதவாது.

நடைமுறையில், எ-யில் அழுத்தம் உள்ளவை குறைவு. அவற்றை மனப்பாடம் செய்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ˈப்ரெந்-தெ-ரெ, ˈஸ்க்ரீ-வெ-ரெ, ˈலெஜ்-ஜெ-ரெ, ˈக்ரே-தெ-ரெ வகையில் தள்ளிவிடுங்கள். அன்றாடம் வருபவை: அவேரெ, வெதேரெ, ஸபேரெ, பொதேரெ, வொலேரெ, தொவேரெ, தெனேரெ, ரிமனேரெ, கதேரெ, ப்யசேரெ, தசேரெ, வலேரெ, பரேரெ, ஸெதேரெ, கொதேரெ, தெமேரெ. எதிர்காலத்தில் இவற்றில் பல சுருங்கும்: வெ-ˈத்ரொ, பொ-ˈத்ரொ, அ-ˈவ்ரொ, ஆனால் ப்ரெந்-தெ-ˈரொ சுருங்காது. இதையும் முழுதாக நம்ப முடியாது. தெ-மெ-ˈரொ சுருங்கவில்லை, மறுபக்கத்து ˈவீ-வெ-ரெ சுருங்கி வி-ˈவ்ரொ ஆகிறது.

ஒரு நிம்மதி: இந்த வேறுபாடு 'எடுக்க', 'பேச' போன்ற வினையெச்சம் போல நிற்கும் அந்த அடிப்படை வடிவத்தில்தான் தெரியும். நிகழ்காலத்துக்கு வந்தால் ˈவே-தொ-னொ, ˈப்ரெந்-தொ-னொ என்று இரண்டும் ஒரே தாளம்.

---

சீர்பிரிப்பு:

இரண்டு இ விஷயம்தான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அழுத்தம் எழுத்தில் வெளிப்படையாகத் தெரியும் அபூர்வ இடம் அது.

'நான்' வடிவத்தில் அழுத்தம் அந்த இ-யின் மேலேயே விழுகிறதா என்று பாருங்கள். அனுப்புகிறேன்: இன்-ˈவீ-ஒ. விழுகிறது, அதனால் இ தனி உயிர், தனி அசை. 'நீ' வடிவத்தின் விகுதி இன்னொரு இ. இரண்டும் நிற்கும்: இன்-ˈவீ-இ. மூன்று அசை, எழுத்தில் இரண்டு இ. படர்க்கை இன்-ˈவீ-அ, பன்மை இன்-ˈவீ-அ-னொ.

படிக்கிறேன்: ˈஸ்தூ-த்யொ. இ-யின் மேல் அழுத்தம் இல்லை, அது யகரமாக உருகி அடுத்த உயிரோடு ஒரே அசையாகிவிட்டது. விகுதி இ வந்தால் யகரம் அதற்குள் கரையும்: ˈஸ்தூ-தி. ஒரே இ. பன்மை ˈஸ்தூ-த்ய-னொ, மூன்றே அசை. இதை ஸ்தூ-தி-அ-னொ என்று நான்காக இழுப்பதுதான் அடிக்கடி காதில் விழும் பிழை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல ஜோடி: பொறாமைப்படுகிறேன் இன்-ˈவீ-த்யொ, பொறாமைப்படுகிறாய் இன்-ˈவீ-தி, ஒரே இ. உளவு பார்க்கிறாய், பனிச்சறுக்கு விளையாடுகிறாய் இரண்டிலும் இ மேல் அழுத்தம்: ˈஸ்பீ-இ, ˈஷீ-இ, இரண்டு இ.

'சாப்பிடுகிறோம்' என்பதில் வரும் இ இன்னொரு சாதி. அது ஒலிப்பதே இல்லை, முன்னால் உள்ள எழுத்தை ஜ-வாகப் படிக்கச் சொல்லும் அடையாளம் மட்டும்: மன்-ˈஜா-மொ. யகரம்கூட வேண்டாம்.

இரண்டு உயிருக்கு நடுவில் சிக்கும் இ எப்போதும் பின்னால் உள்ளதோடு சேரும்: சாகிறேன் ˈம்வோ-யொ, உதவுகிறேன் அ-ˈயூ-தொ.

---

மாத்திரை:

தமிழ் வாய்க்கு இதில் எங்கே வழுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நமக்கு உயிர்களுக்கு நடுவே வல்லோசை வேண்டுமென்றால் ஒற்று இரட்டிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் பர்-ˈலா-தெ என்பது பர்லாத்தெ ஆகிவிடும். த-வை வல்லோசையாகவே, ஆனால் ஒற்றையாக, முன் உயிரை நீட்டிச் சொல்லுங்கள். நீட்டம் சரியாக வந்தால் இரட்டிப்பு தானாகக் குறையும். கடைசியிலிருந்து மூன்றாவது, நான்காவது அசைகளில் அழுத்தம் இருக்கும்போது நீட்டம் சற்றுக் குறைவு, ˈஆ-பி-த-னொவில் 'ஆ'வை நம் நெடில் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

மாத்திரை தவறினால் காலமே மாறும் இடம்: 'பேசுவோம்' பர்-லெ-ˈரே-மொ, 'முடியுமானால் பேசுவோம்' என்ற நிபந்தனைத் தொனியில் பர்-லெ-ˈரெம்-மொ. அழுத்தம் ஒரே அசையில். வித்தியாசம் நெடிலும் ஒற்றை ம-வுமா, குறிலும் இரட்டை ம-வுமா என்பது மட்டுமே. 'படி - பாடி', 'பாடு - பாட்டு' என்று பிரித்துப் பழகிய காதுக்கு இது சிரமமே இல்லை, கவனித்தால் போதும்.

அழுத்தம் மாறினால் பொருள் மாறும் சொற்களை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். 'இழக்கிறார்கள்' ˈபெர்-தொ-னொ, 'மன்னிக்கிறேன்' பெர்-ˈதோ-னொ, எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'குலுக்குகிறேன்' ˈஆ-ஜி-தொ, 'செயல்பட்ட' அ-ˈஜீ-தொ. பிரபலமான மும்மை: ˈகா-பி-தொ (வந்து சேர்கிறேன்), க-ˈபீ-தொ (புரிந்தது), க-பி-ˈதொ (நேர்ந்தது). மூன்றாவதற்கு மட்டும் குறி கட்டாயம்.

குறியின் விதி எளிது: ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொல் உயிரில் முடிந்து அழுத்தம் அந்த உயிரில் இருந்தால் போட்டே ஆக வேண்டும். 'பேசுகிறேன்' ˈபர்-லொ, 'பேசினான்' பர்-ˈலொ, இரண்டையும் பிரிப்பது அந்த ஒரு கோடுதான். அ, ஒ-வில் முடியும் வினைகளுக்குக் கிராவே என்ற குறி (`). எ-யில் முடியும் பொ-ˈதெ (அவனால் முடிந்தது), க்ரெ-ˈதெ (நம்பினான்) போன்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் சாயும் அகூதொ (´). ஓரசைச் சொற்களில் 'கொடுக்கிறான்' என்ற த, 'இருக்கிறான்' என்ற எ, 'முடியும்' என்ற ப்வொ மூன்றுக்கும் குறி உண்டு. ஃபு, ஃப, வ, ஸ்த, ஸொ, ஸ ஆகியவற்றுக்குக் கிடையாது, ஆனால் பலர் போட்டுவிடுகிறார்கள். அதே ஃப, முன்னொட்டு சேர்ந்து 'மறுபடி செய்கிறான்' என்ற ரி-ˈஃப ஆனால் குறி வந்துவிடும், இப்போது அது இரண்டு அசை.

---

குறிலிணை:

நன்றி. கடைசியாக ஒன்று: பாடல்களில் 'பேச' என்பது பர்-ˈலர் என்று -எ இல்லாமல் வருகிறது. அழுத்தம் கடைசி அசையில்தானே? குறி ஏன் இல்லை?

---

மாத்திரை:

சொல் மெய்யில் முடிகிறதே. குறி உயிரில் முடியும் சொற்களுக்கு மட்டும். பர்-ˈலா-ரெ என்பதன் வால் கழன்றாலும் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். பேச்சில் ˈவ்வோ-லெ (விரும்புகிறான்) என்பது ˈவ்வொல் ஆவதும் இதே கதை, அதற்கும் குறி கிடையாது.